பல் மருத்துவக் கல்லூரியும் நேர்முகத் தேர்வும்



நம் நாட்டில் பல் மருத்துவம் பயில விரும்பும் மாணவர் இன்று எந்தத் தேர்வுக் குழுவின் முன்னும் சென்று அமர வேண்டியதில்லை. நீட் என்னும் எழுத்துத் தேர்வில் அவர் பெறும் மதிப்பெண்ணும், அதனையொட்டிய தரவரிசையும், இடஒதுக்கீட்டு விதிகளும் சேர்ந்து அவருக்கு இடம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்துவிடுகின்றன. அவருடைய முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. குரலை ஒருவரும் கேட்பதில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிலைமை வேறு. அங்கே மதிப்பெண் ஒருவரைக் கல்லூரியின் வாயில் வரையில் கொண்டுவந்து விடும். உள்ளே செல்வதற்கு நேர்முகத் தேர்வு என்னும் மற்றொரு படியையும் ஏறியாக வேண்டும்.

அந்தத் தேர்வைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அயல்நாடு சென்று பயிலக் கருதும் மாணவர் சிலர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அங்கேயே பிறந்து வளர்ந்த உறவினர் பிள்ளைகளுக்கு யோசனை சொல்ல விரும்புவோரும் இருக்கலாம். இவ்விரு வகையிலும் சேராதவர்க்கும், ஒரு மனிதரை மற்றொரு மனிதர் சில நிமிஷங்களில் எவ்வாறு எடைபோட முயல்கிறார் என்பது அறிந்துகொள்ளத்தக்க செய்தியே ஆகும்.

நேர்முகத் தேர்வு என்றதும் நம் ஊர்ப் பெரியவர்கள் முகத்தில் ஒரு புன்சிரிப்புத் தோன்றும். "யாருடைய சிபாரிசு?" என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. அந்தச் சந்தேகம் காரணமற்றதன்று. ஒரு காலத்தில் நம் மாநிலத்திலும் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. 1970-71ஆம் ஆண்டுச் சேர்க்கையில் அதற்கென 75 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்தச் சேர்க்கையை எதிர்த்துத் தொடரப்பட்ட பெரியகருப்பன் வழக்கில், 1970ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான குறையைச் சுட்டிக் காட்டிற்று. இன்ன இன்ன பண்புகளுக்கு இத்தனை மதிப்பெண் என்று பிரித்து வழங்காமல், எல்லாவற்றையும் ஒரே மொத்தமாகப் போட்டுவிட்டார்கள் என்பதே அக்குறை. பத்தாண்டுகள் கழித்து, 1980இல், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியற் கல்லூரியைப் பற்றிய அஜய் ஹாசியா வழக்கு வந்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத் தேர்வுக்கு 50. மாணவரிடம் இரண்டு மூன்று நிமிஷம் பேசியதோடு சரி. பேச்சும் பெற்றோர் யார், ஊர் எது என்ற அளவில் நின்றதாகக் கூறப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை இப்படி வழங்குவது நியாயமன்று என்றும், நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போகலாகாது என்றும் நீதிமன்றம் கூறிற்று. மூன்று நிமிஷத்தில் ஒரு குழந்தையின் பெயரைக்கூடச் சரியாக நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதை வகுப்பறையில் நின்ற எவரும் சொல்வர்.

நம் நாடு இந்த நோய்க்குக் கண்ட மருந்து, சேர்க்கையை எழுத்துத் தேர்வின் கையில் விட்டுவிடுவது. மேலைநாட்டார் கண்ட மருந்து வேறு. அவர்களுக்கும் இதே சந்தேகம் இருந்தது. ஒரே அறையில் மூவரோ நால்வரோ அமர்ந்து ஒரு மாணவரை அரைமணி நேரம் கேள்வி கேட்டால், முதல் நிமிஷத்தில் ஏற்பட்ட அபிப்பிராயமே கடைசி வரையில் நின்றுவிடுகிறது. மாணவர் முதற் கேள்விக்குத் தடுமாறினார் என்றால், பிறகு அவர் எத்துணை நன்றாகப் பேசினாலும் அந்தத் தடுமாற்றம் கணக்கிலிருந்து நீங்குவதில்லை. கனடா நாட்டு ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு வழி கண்டு, 2004ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார்கள். அரைமணி நேரப் பேட்டி ஒன்றுக்குப் பதிலாகச் சில நிமிஷப் பேட்டிகள் பலவற்றை வைப்பது என்பதே அவ்வழி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேர்வாளர்; ஒவ்வொருவர் கேட்பதும் வெவ்வேறு பொருள்; ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாது. இதற்கு மூலமாக அமைந்தது, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் என்பவர் மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்காக வகுத்து 1975இல் வெளியிட்ட முறை. எம்.எம்.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் இந்தப் பல்பேட்டி முறை இன்று பிரிட்டனின் பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரிகளில் பின்பற்றப்படுகிறது. பழைய முறையில் ஒரு குழுவே அமர்ந்து கேட்கும் கல்லூரிகளும் சில உண்டு.

நம் உச்ச நீதிமன்றம் 1970இல் எதைக் குறையென்று கூறியதோ, அதனை நீக்கும் ஏற்பாடே இது என்பதைக் கவனியுங்கள். மொத்தமாகப் போடுதல் இல்லை. ஒருவர் கையில் எல்லாம் இல்லை. இதனை அறிந்த மாணவர்க்குப் பாதி அச்சம் நீங்கும். ஓர் அறையில் தோற்றவர் அடுத்த அறையில் புதிய மனிதராகவே நுழைகிறார்; அங்கே இருப்பவருக்கு முன்னறையில் நடந்தது ஒன்றும் தெரியாது. அதனால், மணி அடித்தவுடன் முன்னதை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வரத் தெரிந்துகொள்வதே இத்தேர்வுக்கு வேண்டிய முதற் பயிற்சி. சொல்லுவது எளிது, பதினேழு வயதில் செய்வது கடினம்.

அங்கே நடப்பதைச் சுருங்கச் சொல்கிறேன். பிரிட்டனில் பல் மருத்துவப் படிப்பு பெரும்பாலும் ஐந்தாண்டு. யூகாஸ் என்னும் பொது அமைப்பின் வழியாக, சேர விரும்பும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 15ஆம் நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் நான்கு பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு மேல் விண்ணப்பிக்க இயலாது. அதற்கு முன்பே யூகேட் என்னும் திறனறி தேர்வையும் எழுதியிருக்க வேண்டும். இவற்றைக் கொண்டு வடிகட்டியபின் சிலரை மட்டும் குளிர்கால மாதங்களில் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறார்கள். அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதிலுள்ள சூழ்நிலையைப் படித்துச் சிந்திக்க ஒன்றிரண்டு நிமிஷம், உள்ளே சென்று பேச ஐந்து முதல் எட்டு நிமிஷம் வரை, பிறகு மணி, பிறகு அடுத்த கதவு. 2020இல் பெருந்தொற்று வந்தபின் பல கல்லூரிகள் இதனைக் கணினித் திரை வழியாகவே நடத்தத் தொடங்கின. அவ்வழக்கத்தைச் சில கல்லூரிகள் பின்னரும் விடவில்லை.

"நீ ஏன் பல் மருத்துவர் ஆக விரும்புகிறாய்?" இந்தக் கேள்வி எங்கேனும் ஓர் அறையில் காத்திருக்கும். இதற்கு மனப்பாடம் செய்த விடை சொல்லுவோரே மிகுதி. சில ஆண்டுகளுக்கு முன்பு, பர்மிங்ஹாம் நகரில் குடியேறிவிட்ட என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, என் மகள் நேர்முகத் தேர்வுக்குப் போகிறாள். அவளை நீங்கள் கொஞ்சம் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்" என்றார். அந்தப் பெண் என்னைத் தாத்தா என்றே அழைப்பாள். முதற் கேள்வியாக இதனையே கேட்டேன். மக்களுக்கு அவர்களுடைய புன்னகையைத் திருப்பித் தர விரும்புவதாகவும், அறிவியலிலும் கைத்தொழிலிலும் தனக்கு ஒருங்கே ஆர்வம் உண்டென்றும் நிறுத்தாமல் சொன்னாள். நன்றாகத்தான் இருந்தது. அவள் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரை வைத்தாலும் அவ்வளவே நன்றாக இருந்திருக்கும்.

"நீ ஒரு பல் மருத்துவரின் அறையில் சில நாள் உட்கார்ந்து பார்த்தாய் அல்லவா? அங்கே யார் பயந்தார்கள்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, ஒரு முதியவர் நாற்காலியின் கைகளை விரல் வெளுக்கப் பற்றிக்கொண்டிருந்ததையும், மருத்துவர் கருவியை எடுப்பதற்கு முன்பே உதவியாளரான பெண்மணி அவர் தோளில் கை வைத்ததையும், வலித்தால் இடக்கையை உயர்த்துங்கள், உடனே நிறுத்திவிடுகிறேன் என்று மருத்துவர் சொன்னதையும், அதன்பின் முதியவர் கை ஒருமுறைகூட உயரவில்லை என்பதையும் அவள் சொன்னாள். மனப்பாடத்தின் ஓசை போய்விட்டது. "இதை ஏன் முதலில் சொல்லவில்லை?" என்றேன். "இது விடையா தாத்தா? நான் சும்மா பார்த்தது தானே?" என்றாள்.

சும்மா பார்த்ததே விடை. தேர்வாளர் அறிய விரும்புவது, இந்தத் தொழிலின் உள்ளே நீ எட்டிப் பார்த்திருக்கிறாயா, பார்த்ததைப் பற்றி எண்ணியிருக்கிறாயா என்பதையே. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்ற கணக்கில் அவர்களுக்கு அக்கறை குறைவு. குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்வோர் கையாளும் ஒரு முறை உண்டு: முதலில் சொல், பிறகு காட்டு, பிறகே செய். அடெல்ஸ்டன் என்பவர் 1959இல் எழுதியது முதல் அது அப்பெயராலேயே வழங்குகிறது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் மாதிரி வகுப்பு நடத்தக் கற்றோருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு மருத்துவர் சுழலும் கருவியைக் குழந்தையின் விரல் நகத்தில் தொட்டுக் காட்டிவிட்டுப் பிறகு வாயினுள் கொண்டு செல்வதைப் பார்த்த மாணவர், இந்த முறையின் பெயர் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. பார்த்ததைச் சொல்லி, அது ஏன் பயன்பட்டது என்று தானே காரணம் கண்டு சொன்னாரானால் போதும்.

"பல் மருத்துவம் ஏன்? பொது மருத்துவம் ஏன் ஆகாது?" என்று அதே தேர்வாளர் திருப்பிக் கேட்பார். மருத்துவம் கிடைக்காததால் இது என்று எண்ணுவோரைப் பிரித்தறியவே இக்கேள்வி. பல் மருத்துவர் நோயைத் தாமே கண்டறிந்து, பெரும்பாலும் அங்கேயே, தம் கைகளாலேயே சரி செய்கிறார். ஒரே குடும்பத்தைப் பல்லாண்டுக் காலம் பார்க்கிறார். உதவியாளர், பல் துப்புரவாளர், செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பர் ஆகியோர் கொண்ட ஒரு சிறு கூட்டத்தின் நடுவே வேலை செய்கிறார். அவருடைய நோயாளிகளில் பெரும்பாலோர் விழித்த நிலையிலேயே, வாய் பேச முடியாத நிலையில், அவர் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேறுபாடுகளைப் போற்றுகிறவர் பல் மருத்துவத்தை விரும்பி வந்தவர் ஆவார்.

நான் அந்தப் பெண்ணிடம் மேலும் ஒன்று கேட்டேன். "உன் அப்பா புகைப்படத்தில் ஏன் சிரிப்பதில்லை?" என்றேன். அது அவருடைய பழக்கம் என்றாள். அவளுடைய தந்தை தருமபுரி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர்; அங்கேதான் என்னிடம் படித்தார். அவருடைய முன்பற்களில் பழுப்பு நிறக் கோடுகள் உண்டு. அவருக்கு மட்டுமன்று. அந்தப் பக்கத்துப் பள்ளிகளில், வகுப்புப் படம் எடுக்கும் நாளன்று உதட்டை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லி எழுப்பினால் சில பெண் குழந்தைகள் கையால் வாயை மறைத்துக்கொண்டு விடை சொல்லுவார்கள். பல் துலக்காத குற்றம் என்று ஊரார் ஏசுவதும் உண்டு. குற்றம் குழந்தையுடையதன்று, கிணற்றினுடையது. நிலத்தடிப் பாறையிலிருந்து தண்ணீரில் கரையும் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சும்போது, ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் செவ்வையாக அமையாது போகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. பல் முளைத்து முடிந்தபின் நல்ல தண்ணீர் கொடுத்தாலும் கறை போவதில்லை. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டதன் நோக்கங்களுள் தலையாயது, இந்த ஃபுளோரைடு கேட்டைக் குறைப்பதே.

விந்தை என்னவென்றால், அப்பெண் பிறந்து வளர்ந்த பர்மிங்ஹாம் நகரில் 1964 முதல் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்த்தே வழங்குகிறார்கள்! தந்தையின் ஊரில் எதனை அகற்றப் பாடுபட்டார்களோ, மகளின் ஊரில் அதனையே அளந்து ஊற்றுகிறார்கள். இரண்டும் சரியே. சர்க்கரையை உண்ணும் கிருமிகள் வாயில் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. சிறிதளவு ஃபுளோரைடு அக்கரைவைத் தடுத்து, கரைந்ததை மீண்டும் படியச் செய்கிறது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் 1901இல் மருத்துவம் செய்யத் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர், அவ்வூர்ப் பிள்ளைகளின் பழுப்புக் கறையைக் கண்டு காரணம் தேடலானார். கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருப்பதும் அவர் கண்ணில் பட்டது. காரணம் ஃபுளோரைடு என்பது முப்பது ஆண்டுகள் கழித்து, 1931இல் தெரிந்தது. பின்னர் ட்ரெண்ட்லி டீன் என்பவர் பல ஊர்களின் தண்ணீரையும் பிள்ளைகளின் பற்களையும் ஒப்பிட்டு, கறை பெரிதும் விழாமல் சொத்தை குறையும் அளவைக் கண்டார். 1945இல் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் உலகில் முதன்முதலாகத் தன் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்த்தது.

இவ்வளவையும் நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேர்முகத் தேர்வின் அறைகளில் ஒன்றில் ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்து விளக்கச் சொல்லுவது வழக்கம். அது பெரும்பாலும் சர்க்கரையைப் பற்றியோ, ஃபுளோரைடைப் பற்றியோ, குழந்தைகளின் சொத்தைப் பற்களைப் பற்றியோ இருக்கும். வரைபடத்தைக் கண்டதும் முடிவைச் சொல்லத் தாவக் கூடாது. கிடைக்கோட்டில் எது, நிலைக்கோட்டில் எது, அலகு என்ன என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்ல வேண்டும். இறுதியாக, இந்தப் படம் எதைச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவதே பலர் மறப்பது. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது. அதன்பின் ஓர் ஊரில் சொத்தை குறைந்ததாக ஒரு படம் காட்டினால், வரிதான் காரணம் என்று படம் மட்டும் நிறுவிவிடாது. அதே ஆண்டுகளில் பள்ளிகளில் பல் துலக்கும் பழக்கம் வந்திருக்கலாம். கணக்கெடுத்த முறை மாறியிருக்கலாம். இப்படி ஐயப்படத் தெரிந்தவரை அவர்கள் விரும்புகிறார்கள்.

அந்தப் பெண் தந்தையிடம் பேசினாள். பதினேழு ஆண்டுகளாகத் தன் எதிரே அமர்ந்து உண்டவரின் பற்களைப் பற்றி முதன்முறையாகக் கேட்டாளாம். நான் ஓர் எச்சரிக்கையும் செய்தேன்: அப்பாவின் துன்பத்தை அலங்காரமாக எடுத்துச் சொல்லாதே; தேர்வாளர் அடுத்து என்ன கேட்பார் என்பதை எண்ணி, அதற்கும் ஆயத்தமாயிரு. அவ்வாறே ஒரு கல்லூரியில், "உங்கள் தந்தைக்கு இவ்வளவு கெடுதல் செய்த பொருளைப் பர்மிங்ஹாம் தண்ணீரில் சேர்க்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். அளவைப் பற்றியும், ஊரார் சம்மதம் இன்றி எல்லோர் தண்ணீரிலும் ஒரு மருந்தைச் சேர்ப்பது முறையா என்ற எதிர்க்கட்சியாரின் வாதத்தைப் பற்றியும் பேசிவிட்டு, தனக்குச் சேர்ப்பதே சரியெனப் படுகிறது என்றாளாம். நான்கு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, இரண்டில் அழைக்கப்பட்டு, ஒன்றில் இடம் பெற்றாள். இரண்டாவது கல்லூரி ஏன் மறுத்தது என்பது எங்களுக்குத் தெரியாது.

அடுத்து அறநெறிக் கேள்விகள். "உன் உடன் மாணவன் காலையில் மது வாடையோடு வருகிறான். பத்து நிமிஷத்தில் அவன் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும். என்ன செய்வாய்?" நம் பிள்ளைகள் இதற்கு இரண்டு கோடிகளில் ஒன்றைப் பிடிப்பார்கள். நண்பனைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்பது ஒரு கோடி. உடனே கல்லூரித் தலைவரிடம் புகார் எழுதுவேன் என்பது மறு கோடி. முதலில் எண்ண வேண்டியது நாற்காலியில் அமர்ந்திருக்கும் நோயாளியை. அவனைத் தனியே அழைத்து, இன்று நீ சிகிச்சை செய்யக் கூடாது என்று சொல்ல வேண்டும். வாடைக்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்பதையும் மறக்காமல் கேட்க வேண்டும். பொறுப்பாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். நோயாளி காப்பாற்றப்பட்ட பின்பு, நண்பன் ஏன் குடிக்கிறான் என்று விசாரித்து உதவி தேடித் தர வேண்டும். இந்த வரிசை மாறினால் விடை கெடும். பிரிட்டனில் பல் மருத்துவர்களை நெறிப்படுத்தும் பொதுப் பல் மருத்துவக் குழு 2013இல் ஒன்பது நெறிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நோயாளியின் நலனை முன்வைத்தல் அவற்றுள் முதலாவது. நோயாளிக்கு ஆபத்து நேரக்கூடுமெனில் வாய் திறத்தல் எட்டாவது. இந்த ஒன்பதையும் ஒருமுறை நிதானமாகப் படிப்பது நூறு மாதிரி விடைகளைப் படிப்பதைவிட நன்று.

அவ்வொன்பதில் சம்மதம் என்பதும் ஒன்று. 2015ஆம் ஆண்டு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மாண்ட்கமரி வழக்கில் அளித்த தீர்ப்பு இதனோடு தொடர்புடையது. நீரிழிவு உடைய ஒரு தாயிடம், பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளக் கூடும் என்பதை மருத்துவர் சொல்லாமல் விட்டார். குழந்தைக்கு நிரந்தரக் கேடு நேர்ந்தது. எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டும் முடிவு செய்யாது, அந்த நோயாளியின் நிலையில் உள்ளவர் எதை முக்கியமாகக் கருதுவார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பல் பிடுங்குவதற்கும் இது பொருந்தும். குழலூதிப் பிழைப்பவருக்கு உதடு மரத்துப்போதல் சிறிய விஷயமன்று.

நடிப்பு அறை ஒன்றும் இருக்கும். உள்ளே ஒரு நடிகர் நோயாளியாக அமர்ந்திருப்பார். ஒரு மணி நேரம் காத்திருந்த கோபத்தில் இருப்பதாக நடிப்பார். இங்கே மருத்துவ அறிவு ஒன்றும் வேண்டியதில்லை. நம்மவர்களுக்கு இயல்பாக வருவது, உடனே சமாதானம் சொல்லத் தொடங்குவது. அதற்கு முன் கேட்க வேண்டும். அவர் கோபம் நியாயமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறரைக் குற்றம் சொல்லாமல் வருத்தம் தெரிவிக்க வேண்டும். பிறகே, செய்யக்கூடியது இது, செய்ய இயலாதது இது என்று கூற வேண்டும். நம் பள்ளிகளில் பெரியவர் எதிரே கைகட்டி நின்று, கேட்டதற்கு மட்டும் ஒரு சொல்லில் விடை தருவதே மரியாதை என்ற பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு அங்கே செல்பவர் தாழ்வாக எடைபோடப்படுவார். மௌனமாகச் சிந்தித்து முடிவை மட்டும் சொல்லுவதைவிட, சிந்திக்கும் வழியையே வாய்விட்டுச் சொல்லுதல் அங்கே நல்லது. தேர்வாளரின் மதிப்பெண் தாளில் இருப்பது பெரும்பாலும் அந்த வழியே.

கைத்திறனைப் பற்றிக் கேட்பார்கள். சில கல்லூரிகளில் கம்பியை வளைத்துக் காட்டச் சொல்லுவதும் உண்டு. மேல்தாடைப் பற்களின் உட்புறத்தைப் பல் மருத்துவர் சிறு கண்ணாடியில் பார்த்தே வேலை செய்கிறார். அங்கே முன்னும் பின்னும் மாறித் தோன்றும். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு தாளில் நட்சத்திரம் வரைந்து பாருங்கள், அந்த வேலையின் அருமை விளங்கும். வீணை, தையல், பூத்தொடுத்தல், மரவேலை, எதுவாயினும் உண்மையிலேயே செய்வதைச் சொல்ல வேண்டும். அது பிசகியபோது எப்படித் திருத்தினோம் என்று சொல்லத் தெரிந்தால்தான் பயன்.

அமெரிக்காவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பெரும்பாலோர் கல்லூரிப் பட்டம் பெற்றபின் நான்காண்டு பல் மருத்துவம் பயில்கிறார்கள். டி.ஏ.டி. என்னும் நுழைவுத் தேர்வு உண்டு. பல பத்தாண்டுகளுக்கு முன்பு அதில் சுண்ணக்கட்டியைக் கத்தியால் செதுக்கிக் காட்டும் பகுதியும் இருந்ததாம்! நேர்முகத் தேர்வு பெரும்பாலும் பேராசிரியர் ஒருவரோடோ இருவரோடோ அமர்ந்து பேசும் பழைய பாணி. சில கல்லூரிகளில் மட்டும் பல்பேட்டி முறை. கல்லூரியைச் சுற்றிக் காட்டும் மூத்த மாணவரிடம் எப்படி நடந்துகொண்டோம் என்பதும் கவனத்துக்கு வரும் என்பதை மறக்கலாகாது.

பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் வாங்கிக்கொண்டு மாதிரி விடை விற்போர் அங்கேயும் பெருகிவிட்டார்கள். ஏழைப் பெற்றோர் அதைக் கண்டு கலங்க வேண்டாம். வீட்டில் ஒருவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க, ஆறு நிமிஷம் பேசிப் பழகினால் போதும். கேட்பவர் பல் மருத்துவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, தெரிந்ததிலிருந்து யோசித்துப் பார்க்க அனுமதி கேட்பதையும் அப்போதே பழகிக்கொள்ளலாம். திரை வழித் தேர்வானால் முகத்துக்கு எதிரே விளக்கு இருக்கட்டும். திரையில் தெரியும் தம் முகத்தைப் பாராமல் படக்கருவியைப் பார்த்துப் பேச வேண்டும்.

இடங்கள் குறைவு, பிரிட்டனில் அவற்றின் எண்ணிக்கையை அரசே வரையறுத்திருக்கிறது, அயல்நாட்டு மாணவர்க்குரியவை மிகச் சில. அதனால், தகுதியுடையோரும் திரும்பி வருவது உண்டு. மறுக்கப்பட்டவர், எந்த அறையில் எவ்வளவு குறைந்தது என்று கல்லூரியைக் கேட்டு எழுதலாம். சில கல்லூரிகள் விவரம் அனுப்புகின்றன. மறுமுறை விண்ணப்பிப்போரை ஏற்காத கல்லூரிகளும் இருப்பதால், அதனை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். யூகேட் மதிப்பெண் அந்த ஓர் ஆண்டுச் சேர்க்கைக்கே செல்லும். எனவே அடுத்த அக்டோபருக்கு முன் அத்தேர்வை மீண்டும் எழுத வேண்டியிருக்கும்.